தீயில்லாத தில்லை: 'நந்தனார்' (1942) திரைப்படமும் கோலார் தங்கவயல் சுவைஞர்களும்

எஸ்.எஸ். வாசன் ஜெமினி நிறுவனத்தின் வழி தயாரித்து 1942இல் வெளியிட்ட 'நந்தனார்' திரைப்படத்திற்கு இறுதிக்காட்சிகள் இரண்டு. ஒன்று தமிழகம் முழுவதும் திரையிடப்பட்டது. அதில் நந்தனார் தில்லையில் தீப்புகுந்து இறைவனை அடைகிறார். மற்றொன்று கோலார் தங்கவயல் பகுதிக்கென்றே உருவாக்கப்பட்டது. அதில் தீ இல்லை. தங்கவயலில் படம் திரையிடப்பட்டபோது அங்கு வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்கள் தீப்புகும் காட்சியை எதிர்த்தனர் என்பதும், அவ்வெதிர்ப்பை அறிந்த வாசன் அப்பகுதிக்கு மட்டும் வேறொரு முடிவைப் படமாக்கித் தந்தார் என்பதும் திரைப்பட வரலாற்றாளர்களின் பதிவுகளில் இடம்பெற்றுள்ளன. அவற்றில் இச்செய்தி பெரும்பாலும் ஒரு சுவையான துணுக்காகவே சொல்லப்படுகிறது. நந்தன் கதையின் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டு வரலாற்றில் வைத்துப் பார்த்தால் இதனைத் துணுக்கென்று ஒதுக்க இயலாது. ஓர் இலக்கியத்தை விரும்பிக் கேட்டவர்களே அதன் பாடத்தைத் திருத்திய நிகழ்ச்சியாக இதனைக் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

நந்தன் கதையில் தீ

நந்தன் கதையில் தீ எப்போது நுழைந்தது என்பதை முதலில் காண்போம். திருத்தொண்டத்தொகையில் சுந்தரர் 'திருநாளைப்போவார்' என்ற பெயரை மட்டுமே குறிக்கிறார். குலமோ ஊரோ நிகழ்ச்சியோ அங்கு இல்லை. அடுத்து நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி அவருக்கு ஒரு பாடலை ஒதுக்குகிறது. ஊர் ஆதனூர் என்பதும், அவர் புலைக்குலத்தவர் என்பதும், தில்லை அம்பலவன் அருளால் அப்புலைமை நீங்கித் தில்லை மூவாயிரவர் கைகூப்பும் முனிவரானார் என்பதும் அப்பாடலால் தெரியவருகின்றன. கூர்ந்து நோக்கினால் இங்கும் தீ இல்லை. மாற்றம் அருளால் நிகழ்கிறது. வேள்வியோ எரியோ குறிக்கப்படவில்லை.

தீ சேக்கிழாரிடத்தில்தான் வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்த பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் புராணம் 37 பாடல்களைக் கொண்டது. ஆதனூர்ப் புலைப்பாடியின் வருணனை, கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழ், வீணைகளுக்கு நரம்பும் அளிக்கும் தொண்டு, திருப்புன்கூரில் நந்தி விலகியது, நாளைப் போவேன் எனத் தள்ளிக்கொண்டே சென்ற ஏக்கம் ஆகியவற்றைச் சேக்கிழார் வேறு எவரும் எட்டாத நயத்துடன் பாடுகிறார். தில்லை எல்லையை அடைந்த பின் இறைவன் நந்தனாரின் கனவில் தோன்றி, இப்பிறவி போய் நீங்க எரியில் மூழ்குமாறு பணிக்கிறான். தில்லைவாழ் அந்தணர் கனவிலும் தோன்றி எரி அமைக்கச் சொல்கிறான். தென்வாயில் மதிற்புறத்தே அமைக்கப்பட்ட தீயில் புகுந்தவர் பூணூலும் சடையும் விளங்கும் முனிவராக வெளிப்படுகிறார். பின்னர் அம்பலத்துள் சென்று மறைகிறார்.

சேக்கிழாரே பிற அடியார்களுக்கு இத்தகைய தீயை விதிக்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. வேடராகிய கண்ணப்பர் செருப்புக் காலுடன் திருமேனியைத் தொடுகிறார். தீண்டாமைக்கு உட்பட்ட பாணர் குலத்தில் தோன்றிய திருநீலகண்ட யாழ்ப்பாணருக்குத் திருவாரூரில் இறைவன் வடதிசையில் தனி வாயில் வகுக்கிறான். மதுரையில் இறைவனே அடியார் கனவில் பணித்து அவரை உள்ளே அழைக்கிறான். அவருடைய யாழில் ஈரம் படாதிருக்கப் பொற்பலகையும் இடப்படுகிறது. இவற்றினும் சிறப்பானது திருநீலநக்கர் புராணத்தில் வரும் நிகழ்ச்சி. சம்பந்தரின் சொற்படி அந்தணராகிய நீலநக்கர் தம் இல்லத்து வேள்விக் குண்டத்தின் அருகிலேயே பாணர்க்கு உறங்க இடம் தருகிறார். அக்குண்டத்துத் தீ வலஞ்சுழித்து ஓங்குகிறது. ஒரே நூலில் ஒரு தீ பாணரை வரவேற்கிறது. மற்றொரு தீ புலையரின் பிறவியை எரிக்கிறது. வைணவத்திலும் திருப்பாணாழ்வார் உலோகசாரங்க முனிவரின் தோளேறி அரங்கத்துள் சென்றதாகவே வரலாறு.

எனவே தீயில்லாத நுழைவு தமிழ்ப் பக்தி மரபுக்குப் புறம்பானதன்று. தங்கவயல் மக்கள் கேட்டது மரபில் முன்பே இருந்த ஒன்றையே. அவர்கள் அந்தாதியைக் கற்றுத்தான் கேட்டார்கள் என்பது வாதமன்று. தீ இல்லாமலும் இக்கதை நிற்கும் என்பதற்கு நம்பியின் பாடலே சான்றாகிறது என்பதே கருத்து.

இசைவடிவம் பெற்ற கதை

இக்கதையைப் புலவர் அவையிலிருந்து மக்கள் செவிக்குக் கொண்டு வந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். 1861இல் காரைக்காலில் அச்சான அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, சேக்கிழாரிடத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தைப் படைத்தது. அப்பாத்திரம் நந்தனாரின் ஆண்டையாகிய வேதியர். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்தால் சிதம்பரம் போகலாம் என்று வேதியர் விதிக்க, சிவகணங்கள் ஓரிரவில் அப்பணியை முடிக்கின்றன. பண்ணையடிமை முறையின் கொடுமை இவ்வாறு பக்திக் கதைக்குள் புகுந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நூலின் இலக்கண வழுக்களைக் கருதி முதலில் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என்பதும், பாடக் கேட்டு உருகிய பின்னரே அளித்தார் என்பதும் உ.வே. சாமிநாதையர் வாயிலாக நாம் அறிந்த செய்தி. பாடத்தை இசை வென்ற இடம் அது. கீர்த்தனை, சிந்து, கண்ணி எனப் பல வடிவங்களில் அமைந்த அந்நூலைத் தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் போன்றோர் கதாகாலட்சேபமாக ஊர்தோறும் பரப்பினர்.

பேசும்படம் வந்தபின் கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடத்தில் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்த 'பக்த நந்தனார்' 1935இல் வெளிவந்தது. சுந்தராம்பாள் ஓர் இலட்ச ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது அந்நாளில் பெரும் பேச்சாயிற்று. அப்படத்தை ஆனந்த விகடனில் கல்கி கடுமையாக விமரிசித்தார். அவ்விதழின் உரிமையாளராகிய வாசனே ஏழாண்டுகளுக்குப் பின் அதே கதையைப் படமாக்க முன்வந்தார்.

1942ஆம் ஆண்டுப் படத்தை முருகதாசா இயக்கினார். எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராகவும் செருகளத்தூர் சாமா வேதியராகவும் நடித்தனர். எம்.டி. பார்த்தசாரதியும் எஸ். ராஜேஸ்வரராவும் இசையமைத்தனர். கோபாலகிருஷ்ண பாரதியாரின் பாடல்களுடன் பாபநாசம் சிவன், கொத்தமங்கலம் சுப்பு ஆகியோரின் பாடல்களும் சேர்க்கப்பட்டன. தேவாரம் ஓதும் மரபில் வந்த தேசிகரின் குரல் இப்படத்தின் உயிர் எனலாம். சுந்தராம்பாளின் நந்தனில் கம்பீரம் மிகுதி. தேசிகரின் நந்தனில் கெஞ்சுதலும் நெகிழ்வும் மிகுதி. பண்ணையாளின் குரலாகக் கேட்பதற்கு இரண்டாவதே பொருத்தமுடையது. பின்னாளில், 1946இல், திருவையாற்றுத் தியாகராசர் விழாவில் தமிழ்ப்பாடல் பாடியதற்காக அத்தேசிகரையே தீட்டுப் பேச்சு தொடர்ந்தது. திரையில் நந்தனாக நின்றவருக்கு மேடையில் அது நேர்ந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தங்கவயல் என்னும் களம்

ஏனைய ஊர்களில் எழாத இவ்வினா தங்கவயலில் எழுந்தது ஏன்? 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியது முதல் வடஆர்க்காடு, சித்தூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் அங்குக் குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஆதனூர் நந்தனைப் போலவே நிலத்தையும் ஆண்டையையும் அறிந்த குடும்பங்கள் அவை. வேறுபாடு ஒன்றுண்டு. நந்தன் ஆண்டையிடம் விடுப்புக் கேட்டான்; இவர்கள் ஆண்டையின் ஊரைவிட்டே வெளியேறியவர்கள். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்களில் நிலத்தடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் வெப்பத்திலும் பாறை வெடிப்பிலும் உழைத்தனர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் அது. மாதக் கூலியும் சங்கமும் அச்சுக்கூடமும் திரையரங்கும் அங்கு ஒடுக்கப்பட்டோருக்கு ஒரு புதிய பொதுவெளியைத் தந்தன.

அப்பொதுவெளியில் நந்தன் முன்பே வேறு உருவில் உலவிக்கொண்டிருந்தான். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்கு மிக உறுதியான வாசகர் வட்டம் தங்கவயலில் இருந்தது. அதே ஆண்டில் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை தோன்றியது. பண்டிதர் அவ்விதழில் எழுதிய இந்திரர் தேச சரித்திரம், நந்தனைப் பண்ணையாளாகக் காட்டுவதில்லை. அதில் அவன் ஒரு பௌத்த அரசன். வேடதாரிகளை வினவியவன். அவர்களுடைய சூழ்ச்சியால் கொல்லப்பட்டவன். 1914இல் பண்டிதர் மறைந்தபின் அவருடைய எழுத்துக்கள் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலையின் வழியே நூல்களாயின. நின்றுபோயிருந்த 'தமிழன்' இதழை ஜி. அப்பாதுரையார் 1926 முதல் அங்கிருந்தே நடத்தினார். தமிழகக் கல்வியுலகம் இவ்வெழுத்துக்களைப் பரவலாகக் கவனிக்கத் தொடங்கியது 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் வெளிவந்த பின்னரே. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் அவை அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே படிக்கப்பட்டன.

இப்பின்னணியில் திரையில் மூளும் தீ எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை ஊகிப்பது அரிதன்று. பக்தர் ஒருவருக்கு அது சோதி. தமிழன் இதழின் வாசகருக்கு அது கொலையின் மறைப்பு. எனினும் எதிர்த்தவர் அனைவரும் பௌத்தர் என்று கொள்ள வேண்டியதில்லை. தங்கவயலில் சைவர், வைணவர், கிறித்தவர், சுயமரியாதையாளர், பொதுவுடைமையாளர் எனப் பலரும் இருந்தனர். இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஓர் அனுபவம் உண்டு. 1930இல் சுரங்க நிருவாகம் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய முனைந்தபோது, தம்மைக் குற்றவாளிகளைப் போல நடத்துவதை ஏற்க முடியாதென அவர்கள் நீண்ட வேலை நிறுத்தம் செய்தனர். உள்ளே நுழையும் முன் தன்னைத் தூயவன் என மெய்ப்பித்துக் காட்டு என்னும் கட்டளையை அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை மறுத்திருந்தனர்.

காலமும் அவர்கள் பக்கம் இருந்தது. 1936இல் திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் சென்றனர். அவர்கள் எந்தத் தீயையும் கடந்து செல்லவில்லை. மூன்றாண்டுகளுக்குப் பின் வந்த ஒரு படம் அதைக் கடக்கச் சொன்னபோது, புராணத்தைவிட நாட்டு நடப்பு முன்னே சென்றிருந்தது. காந்தியடிகள் நந்தனைத் தன் துன்பத்தாலேயே தடைகளை வென்ற சத்தியாகிரகியாகப் போற்றினார். வேதியர் மனம் திருந்தி நந்தனின் காலில் விழும் காட்சியில் ஜெமினி படத்திற்கும் அந்நோக்கு உண்டு. துன்பத்தால் வெல்லுதல் என்பதைத் துன்புறுவோர் எவ்வாறு கேட்டனர் என்பதற்குத் தங்கவயல் ஒரு விடை. 1948இல் அம்பேத்கர் தீண்டப்படாதார் பற்றிய தம் நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகியோரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். நந்தனைக் கைவிடாமலேயே அவன் கதையை மறுக்க முடியும் என்பதற்கு அது மற்றொரு சான்று.

எதிர்ப்பும் அன்பும்

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தங்கவயல் மக்களின் எதிர்ப்பு படத்தை விரட்டுவதற்காக எழுந்ததன்று. விரட்டுவதே நோக்கமாயின் மாற்று முடிவுக்குத் தேவை இருந்திராது. அவர்களுக்குப் படம் வேண்டும், நந்தன் வேண்டும், தேசிகரின் பாட்டு வேண்டும், தீ மட்டும் வேண்டா. விருப்பமில்லாதவர் ஒரு கலைப்படைப்பைப் புறக்கணித்துவிட்டுப் போவர். விருப்பமுள்ளவரே அது தம்மை இழிவுபடுத்தும் இடத்தில் நின்று வழக்கிடுவர். சைவ மரபு இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறது. இறைவனோடு வழக்காடிய சுந்தரர் வன்தொண்டர் எனப்பட்டார். நந்தனை முதலில் பெயர் சொல்லி வணங்கியவர் அவரே. தங்கவயல் சுவைஞர்களின் அன்பையும் அவ்வகையில் வைக்கலாம்.

வாசனின் செயலையும் சரியாக மதிப்பிட வேண்டும். அதைப் பெருந்தன்மை என்று மட்டும் கூறுவது பொருந்தாது. தங்கவயல் காசு கொடுத்துப் படம் பார்க்கும் பெருந்தொகுதியான தொழிலாளர் வாழ்ந்த ஊர். வணிகக் கணக்கு அதில் இல்லாதிருக்க வழியில்லை. ஆயினும் அது உலகப்போர்க் காலம். கச்சாப் படச்சுருள் தட்டுப்பாடு மிகுந்திருந்தது. அந்நிலையில் ஒரு வட்டாரத்திற்காக ஒரு முடிவையே புதிதாக எடுத்தது, அவ்வட்டாரத்தின் குரல் எத்துணை வலிமையுடன் ஒலித்தது என்பதைக் காட்டுகிறது. அதே வேளையில், மாற்றம் தங்கவயலோடு நிறுத்தப்பட்டது. தஞ்சையிலும் சிதம்பரத்திலும் பண்ணையாட்களாகவே இருந்தவர்கள் தீயைத்தான் பார்த்தார்கள். எங்கே கூலியும் சங்கமும் இருந்தனவோ அங்கே கதை மாறியது. எங்கே அவை இல்லையோ அங்கே மாறவில்லை. இம்மாற்றத்தின் எல்லை ஒரு சமூக எல்லையும் ஆகும்.

பார்வையாளருக்காக முடிவு மாற்றப்படுவது உலக அரங்கில் புதிதன்று. ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் நாடகத்தை 1681இல் நாகம் டேட் இன்பியல் முடிவுடன் மாற்றி எழுதினார். கார்டீலியா உயிர் பிழைக்கும் அவ்வடிவமே 1838இல் மக்ரெடி மூலத்தை மீட்கும் வரை ஆங்கில மேடையில் ஆட்சி செய்தது. ஆனால் அங்கு நாடகாசிரியர் ஒருவர் பார்வையாளரின் மனத்துயரைத் தணிக்க மாற்றினார். தங்கவயலில் பார்வையாளர்களே கேட்டனர், கேட்டது ஆறுதலுமன்று. தம் பிறப்பு எரிக்கப்பட வேண்டிய அழுக்கு என்னும் கூற்றைத் திரும்பப் பெறுமாறு கேட்டனர்.

பாடபேதமாக ஒரு திரைக்காட்சி

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிக்கும்போது ஒரு சொல் வேறுபட்டாலும் அதனைப் பாடபேதமாக அடிக்குறிப்பில் காட்டுவது தமிழ்ப் பதிப்பு மரபு. இசைநாடகம், கூத்து ஆகியவற்றில் களத்துக்குக் களம் பாடம் மாறுவதும் நாம் அறிந்ததே. திரைப்படம் மட்டும் மாறாத ஒற்றைப் பிரதி என்ற எண்ணம் ஆய்வாளரிடையே நிலவுகிறது. 'நந்தனார்' அவ்வெண்ணத்தை மறுக்கிறது. இன்று பொதுவாகக் காணக் கிடைப்பது தீப்புகும் பாடமே. இதனால் நந்தன் கதையின் வளர்ச்சியை எழுதும் நூல்கள் சேக்கிழார், கோபாலகிருஷ்ண பாரதியார், 1935, 1942 என்று வரிசைப்படுத்திவிட்டுத் தற்கால நாடகத்திற்குச் சென்றுவிடுகின்றன. 1942 என்னும் இடத்தில் இரண்டு பாடங்கள் உள்ளன என்பது பதிவாக வேண்டும். அவற்றுள் இரண்டாவது பாடத்தின் ஆசிரியர்கள் திரைக்கதை எழுதியவர்கள் அல்லர், சுரங்கத் தொழிலாளர்கள்.

இவ்வாறு பதிவு செய்தால் வரிசையில் முன்னும் பின்னும் உள்ள படைப்புகளும் வேறு வகையில் தெளிவுபெறும். புதுமைப்பித்தனின் 'புதிய நந்தன்' சிறுகதையில் தீயின் இடத்தில் இரயில் வருகிறது. அது உயிர்களைப் பலி கொள்கிறது. இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகம் 1978இல் தீயைத் தீயாகவே, உடலை எரிப்பதாகவே காட்டியது. இடையே 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் என்.எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய 'கிந்தனார்' கதாகாலட்சேபம் உள்ளது. பாரதியாரின் இசைக்கதை வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, சேரிச் சிறுவன் கிந்தன் கல்வி கற்கப் பட்டணம் செல்வதாக அது அமைந்தது. ஆண்டையிடம் கெஞ்சுதல் உண்டு, ஏக்கமும் உண்டு. தில்லையின் இடத்தில் பள்ளிக்கூடம் நிற்கிறது. புதுமைப்பித்தனிடம் உயிர் குடித்த இரயில் இங்குக் கிந்தனை ஏற்றிக்கொண்டு போகிறது. தீ அதிலும் இல்லை.